காரணத்தை எழுதும் குழு: வாகன, சொத்துக் காப்பீட்டுக் கிளைம்களை நடத்தும் தலைவருக்கு

கேரளத்தின் பெருங்கடவிளை வட்டாரத்து ஒற்றசேகரமங்கலத்தில் வாழும் ஒருவரின் கார் தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் மோதிச் சேதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் பதிவு எண் கேரளத்தினுடையது. பாலிசி எடுத்தது நாகர்கோவில் கிளையில். காவல் நிலையப் பதிவு தமிழில் இருக்கிறது, வண்டி நிற்கும் ஒர்க்‌ஷாப் நெய்யாற்றின்கரையில் இருக்கிறது, எஸ்டிமேட் ஆங்கிலத்தில் வருகிறது. வண்டிக்காரர் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் எழுதப் படித்தது மலையாளம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் அப்போது சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் திருமணம், சந்தை, மருத்துவமனை, ரப்பர் வியாபாரம் எல்லாம் இன்றும் அந்த எல்லையைத் தாண்டித்தான் நடக்கின்றன. நிறுவனத்தின் கணினிக்கு இது மற்றொரு வாகனக் கிளைம். அதைக் கையில் எடுக்கும் ஊழியருக்கோ ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி: எந்தக் கிளை பொறுப்பு, எந்தத் தாளை யாரிடம் கேட்பது, முடிவை எந்த மொழியில் சொல்வது? உள்நாட்டு நகரங்களில் மறைந்தே கிடக்கும் சிக்கல்கள் எல்லையோரத்தில் வெளிப்படையாகத் தெரிகின்றன. கிளைம் குழுவை நடத்தக் கற்றுக்கொள்ள இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டது அதனால்தான்.

குழுத் தலைவர் செய்ய வேண்டியவை பல. அவற்றுள் முதலாவது எது என்று கேட்டால் இந்த அத்தியாயத்தின் விடை இது: பணம் கொடுத்தாலும், குறைத்தாலும், மறுத்தாலும், காத்திருக்கச் சொன்னாலும், ஒவ்வொரு முடிவுக்குமான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்; இழப்புக்கு உள்ளானவர் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் இருக்க வேண்டும். வேகம், நேர்மை, மோசடித் தடுப்பு, குழுவின் மன உறுதி ஆகிய நான்கும் இந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைக்கின்றன. இது இல்லாத இடத்தில் மற்ற சீர்திருத்தங்கள் நெடுநாள் நிற்பதில்லை.

தாமதத்தின் வேர்

கிளைம் தாமதமானால் மக்கள் இரண்டு காரணங்களில் ஒன்றைச் சொல்வார்கள்: ஊழியரின் சோம்பல் அல்லது நிறுவனத்தின் பேராசை. இரண்டும் சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலான தாமதத்தை விளக்க அவை போதாது. கோப்பை வைத்திருக்கும் அதிகாரியின் நிலையிலிருந்து பாருங்கள். அவர் பணத்தை விடுவித்தால், சில ஆண்டுகள் கழித்துத் தணிக்கைக்காரர் வந்து ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். இன்னும் ஒரு ஆவணம் வேண்டும் என்று கடிதம் அனுப்பினால் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கொடுப்பதில் அவருக்குச் சொந்த ஆபத்து உண்டு, தள்ளிப்போடுவதில் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குள் நல்ல மனிதரை உட்கார வைத்தாலும் அவர் ஆவணம் கேட்பவராகவே மாறுவார். ஆகவே தலைவர் நீக்க வேண்டியது ஊழியரின் குணக்கேட்டை அல்ல, அவரது அச்சத்தை. கொடுத்த அன்றே காரணத்தை எழுதி வைத்தவர் தணிக்கைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அவர் நினைவிலிருந்து பதில் தேட வேண்டாம், கோப்பே அவருக்காகப் பேசும்.

அச்சம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு லாரி வழக்கு காட்டுகிறது. லாரி திருட்டுப் போனது. உரிமையாளரிடம் நிறுவனம் பதிவுச் சான்றின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேட்டது. திருட்டு விவரம் பதிவாகியிருந்ததால் போக்குவரத்து அலுவலகம் அந்த நகலைத் தர மறுத்துவிட்டது. உரிமையாளர் கையில் இருந்த ஜெராக்ஸ் நகலைக் கொடுத்திருந்தார். அது போதாது என்று கிளைம் நின்றுபோனது. உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் கொடுக்க முடியாத ஆவணத்தைக் கேட்டுக் கிளைமை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் கண்டித்து, இழப்பீட்டை வட்டியுடன் கொடுக்கச் சொன்னது. “இந்த ஆவணம் எதை நிரூபிக்க வேண்டும், அதை நிரூபிக்க வேறு சான்று கையில் இருக்கிறதா?” என்ற இரண்டு கேள்விகளுக்கு யாராவது ஒருவர் எழுத்தில் விடை தந்திருந்தால் இந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது. பிரீமியம் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய ஆவணம் இல்லை என்று பின்னர் கிளைமை மறுக்கக் கூடாது, கிளைமோடு நேரடித் தொடர்புள்ள ஆவணங்களை மட்டுமே கேட்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் முதன்மைச் சுற்றறிக்கையில் சொன்னதும் இதே நோய்க்கான மருந்துதான்.

காரணம் என்றால் என்ன

“பாலிசி நிபந்தனைகளின்படி ஏற்க இயலாது” என்பது முடிவு மட்டுமே, அதற்குக் காரணம் என்று பெயரில்லை. நல்ல காரணத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு. என்ன நடந்தது என்று நாம் நம்புகிறோம், எந்தச் சான்றை வைத்து நம்புகிறோம் என்பது முதலாவது. பாலிசியின் எந்தப் பிரிவு இதற்குப் பொருந்துகிறது என்பது இரண்டாவது. அந்தப் பிரிவு இந்த நிகழ்வில் எப்படி இந்தத் தொகைக்கு அல்லது இந்த மறுப்புக்குக் கொண்டுவருகிறது என்பது மூன்றாவது. குழுவில் புதிதாகச் சேர்பவர் முதலில் பழக வேண்டியது மூன்றாவது உறுப்பை எழுதுவது. முதல் இரண்டையும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கையிலிருந்தும் பாலிசியிலிருந்தும் எடுத்துவிடலாம். மூன்றாவதை யோசித்தால்தான் எழுத முடியும்.

வாகனக் கிளைமில் இதைக் கணக்காகவே காட்டலாம். மூன்றரை ஆண்டு ஓடிய, 1,500 சி.சி.க்கு உட்பட்ட ஒரு கார் என்று கொள்வோம். முன் பம்பர் ரூ.8,000, பானெட் ரூ.12,000, முன்கண்ணாடி ரூ.6,000, கூலி ரூ.5,000, மொத்த பில் ரூ.31,000. வழக்கமான தேய்மான அட்டவணைப்படி பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வயது பாராமல் 50 சதவீதம் கழியும். உலோகப் பாகங்களுக்கு மூன்று முதல் நான்கு ஆண்டு வரையான வண்டியில் 25 சதவீதம் கழியும். கண்ணாடிக்கும் கூலிக்கும் தேய்மானம் இல்லை. பம்பருக்கு 4,000, பானெட்டுக்கு 9,000, கண்ணாடிக்கு 6,000, கூலிக்கு 5,000 என்று 24,000 வருகிறது. கட்டாயக் கழிவு ரூ.1,000 போக ரூ.23,000 கிடைக்கும். வண்டிக்காரருக்கு வழக்கமாகப் போய்ச் சேர்வது 23,000 என்ற எண் மட்டும். அதைப் பார்த்ததும் 8,000 ரூபாயை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. மேலே உள்ள ஐந்து வரிகளை அவருக்குத் தெரிந்த மொழியில் அனுப்பினால், ‘பம்பர் டு பம்பர்’ எனப்படும் தேய்மானமில்லாக் கூடுதல் காப்பை அடுத்த ஆண்டு எடுப்பதா வேண்டாமா என்பதையும் அவரே தீர்மானித்துக்கொள்வார். கணக்கு ஒன்றுதான், காரணம் சேர்ந்ததும் சண்டைக்கு இருந்த இடம் போய்விடுகிறது.

சொத்துக் கிளைமில் காரணம் எழுதுவது இதைவிடக் கடினம், இதைவிட முக்கியம். 2001 நவம்பரில் பெரும் நிலச்சரிவைக் கண்ட அம்பூரி ஒற்றசேகரமங்கலத்துக்கு அருகில்தான் இருக்கிறது. மலையடிவாரத்து ரப்பர் சரிவுகளில் வீடு கட்டுவோர் மேற்புறத்தில் மண்ணை வெட்டுகிறார்கள், அந்த மண்ணைக் கீழ்ப்புறத்தில் நிரப்புகிறார்கள், நிரப்பிய மண் வழியாமல் கையாலை என்ற தாங்குசுவரைக் கட்டுகிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பாரத் கிருஹ ரக்‌ஷா வீட்டுப் பாலிசி வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவற்றுக்குக் காப்பளிக்கிறது. தாங்குசுவர்களும் கட்டடத்தின் பகுதியாகவே எண்ணப்படுகின்றன. ஆனால் நிரப்பப்பட்ட தரை இறங்குவது, புதுக் கட்டடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசல், பழுதான வடிவமைப்பு, மண் தோண்டும் வேலையால் வரும் சேதம் ஆகியவை காப்புக்கு வெளியே. இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவத்திலோ துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவத்திலோ மழை பிடித்த ஓர் இரவில் இரண்டும் ஒன்றாக நடக்கலாம்: மேல்சரிவு இடிந்து சமையலறையில் விழுகிறது, கீழ்ப்புறத்து நிரப்பு மண்ணும் இறங்குகிறது. “மண்சரிவால் சேதம்” என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடுவதும் தவறு, “நிரப்பு மண்” என்று ஒரு வரியில் மறுத்துவிடுவதும் தவறு. மண் எந்தத் திசையிலிருந்து வந்தது, விரிசலின் ஓரம் புதிதா அல்லது உள்ளே பாசியும் தூசியும் படிந்திருக்கிறதா, அடுத்த வீடுகளுக்கு என்ன ஆயிற்று, அன்றைய மழைப் பதிவு என்ன சொல்கிறது என்று பார்த்து, சேதத்தின் ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய காரணத்தோடு இணைத்து எழுத வேண்டும். விலக்குப் பிரிவு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் என்பது நம் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விதி. சந்தேகத்தை வைத்து அந்தச் சுமையை இறக்கிவைக்க முடியாது.

பழைய பழக்கத்தைப் பிடித்துக்கொடுப்பதும் எழுதிய காரணம்தான். முந்தைய தீக்காப்பீட்டில் கட்டடத்தைக் குறைந்த மதிப்புக்குக் காப்பீடு செய்தவருக்கு, இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். பாரத் கிருஹ ரக்‌ஷாவில் அந்தக் கழிவு கிடையாது. கடைகளுக்கும் சிறு தொழில்களுக்குமான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷாவில் 15 சதவீதம் வரையிலான குறைமதிப்பு கணக்கில் எடுக்கப்படுவதில்லை. பல ஆண்டு பழகிய கை தானாகவே பழைய கழிவைப் போட்டுவிடும். எந்தப் பிரிவின்படி கழித்தீர்கள் என்று எழுதச் சொன்னால், எழுத முனைந்தவரே தவறைக் கண்டுகொள்வார்.

குழுவை அமைப்பது

முதல் ஏற்பாடு, ஒரு கோப்புக்கு ஒரே பொறுப்பாளர். பதிவு செய்பவர் ஒருவர், சர்வேயரிடம் பேசுபவர் ஒருவர், பில்லைச் சரிபார்ப்பவர் ஒருவர், கடிதம் எழுதுபவர் ஒருவர் என்று வேலையைத் துண்டாக்கினால் ஒவ்வொருவரும் தன் துண்டை விரைவாக முடிப்பார்; முழுக் காரணம் யாருக்கும் தெரியாது. தொழில்நுட்ப உதவியைப் பலரிடமிருந்தும் பெறலாம், ஆனால் தகவல் வந்த நாளிலிருந்து பணம் போய்ச்சேரும் நாள் வரை ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இழப்பாளரிடம் இருக்க வேண்டும். எல்லையோரக் கோப்பில் இது இரட்டிப்பு அவசியம். நாகர்கோவில் கிளை நெய்யாற்றின்கரையைக் காட்ட, நெய்யாற்றின்கரை நாகர்கோவிலைக் காட்ட, நடுவில் மாட்டிக்கொள்பவர் வண்டிக்காரர்.

இரண்டாவது ஏற்பாடு, மொழியை முதல் அழைப்பிலேயே கேட்டுக் கோப்பில் பதிவது. பெயரையோ நம்பர் பிளேட்டையோ வைத்து ஊகிக்கக் கூடாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழ் பேசி மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. எந்த மொழியில் பேச, எந்த எழுத்தில் எழுத என்று இரண்டு கேள்வியாகவே கேளுங்கள். ஆங்கிலக் கடிதம் சட்டத் தேவைக்கு இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில் காரணத்தின் சாரம் அவர் படிக்கும் எழுத்தில் இருந்தால்தான் நாம் பதில் சொன்னதாகும்.

மூன்றாவது, காலக்கெடுவைக் காரணத்தோடு கட்டுவது. 2024 விதிகளின்படி சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். வாகனக் கிளைமில் ரூ.50,000, மற்றவற்றில் ரூ.1,00,000 எட்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம். சர்வேயரின் அறிக்கை மதிக்கத்தக்க சான்று, ஆனால் அதுவே இறுதி வார்த்தை ஆகாது. அதிலிருந்து விலகலாம். விலகினால் காரணம் சொல்ல வேண்டும். நமக்குப் பிடித்த அறிக்கை கிடைக்கும்வரை ஒருவர் பின் ஒருவராகச் சர்வேயரை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது.

நான்காவது, தலைவரின் சொந்த வேலை: முடித்த கோப்புகளில் சிலவற்றை வாரந்தோறும் தானே படிப்பது. கூட்டம் போட்டுச் சராசரி நாள் எண்ணிக்கையைத் திரையில் காட்டுவது எளிது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் அளந்தால், எளிய கோப்புகளை முடித்துவிட்டுக் கடினமானவற்றை ஒதுக்கும் பழக்கம் வளரும். வேறு மூன்றை அளந்து பாருங்கள்: ஒரே கோப்பில் இரண்டாம் முறை ஆவணம் கேட்டது எத்தனை, மேல்முறையீட்டில் மாறிய முடிவுகள் எத்தனை, தொகை ஏன் குறைந்தது என்று கேட்டு வந்த அழைப்புகள் எத்தனை. மூன்றும் குறைந்தால் காரணம் சரியாக எழுதப்படுகிறது என்று பொருள். கோப்பு வாசிப்பில் நல்ல காரணத்தைக் கண்டால் குழுவின் முன் அதைப் படித்துக் காட்டுங்கள். நன்றாக எழுதப்பட்ட காரணத்தோடு கொடுத்த பணத்தைத் தணிக்கை கேள்வி கேட்டால், அந்த ஊழியருக்கு முன்னால் நீங்கள் நின்று பதில் சொல்லுங்கள். அதை ஒரு முறை செய்துவிட்டால், நூறு பயிற்சி வகுப்பு தராத துணிவு குழுவுக்கு வந்துவிடும்.

எதிர்வாதங்கள்

எழுதிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்பது முதல் ஆட்சேபம். கடைசியில் உட்கார்ந்து முழுக் கதையையும் எழுதினால் அது உண்மைதான். ஒவ்வொரு படியிலும் இரண்டு வரி எழுதி வந்தால் இறுதிக் கடிதம் ஏற்கெனவே முக்கால் பங்கு தயாராகியிருக்கும். மேலும், காரணமில்லாத முடிவு அன்றோடு முடிவதில்லை. அது தொலைபேசி அழைப்பாக, புகாராக, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனுவாக, நுகர்வோர் ஆணைய வழக்காகத் திரும்பி வரும். கேரளத்துக்கான குறைதீர்ப்பாளர் கொச்சியில், தமிழ்நாட்டுக்கானவர் சென்னையில் இருக்கிறார், ரூ.50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். கிளை இருக்கும் இடத்தை வைத்தோ மனுதாரர் வசிக்கும் இடத்தை வைத்தோ மனுச் செய்யலாம் என்பதால் எல்லையோரத்துக் கோப்பு இரண்டில் எங்கும் போகலாம். அங்கே ஒரு கோப்பை விளக்கச் செலவாகும் நேரத்தில் பல கோப்புகளுக்குக் காரணம் எழுதிவிடலாம்.

எழுதிக் கொடுத்தால் எதிராளியின் வழக்கறிஞருக்கு ஆயுதம் கொடுத்ததாகும் என்பது இரண்டாவது. சட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னர் வழக்கில் எழுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லும் 2019-லும் தீர்ப்பளித்தது. மழுப்பலான கடிதம் நிறுவனத்தின் கையைத்தான் கட்டுகிறது. பொருந்தாத காரணமும் உதவாது. வாகனத் திருட்டில் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்தவருக்கு, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒன்றையே காட்டி மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதே அறிவுரையை 2011-லேயே தந்திருந்தது. காரணத்தை எழுதி உரக்கப் படித்திருந்தால் அந்த மறுப்பின் பலவீனம் அலுவலகத்திலேயே தெரிந்திருக்கும்.

மூன்றாவது ஆட்சேபம் மோசடி. பொய்க் கிளைம்கள் உண்டு, பழைய சேதத்தைப் புது விபத்தாகக் காட்டும் எஸ்டிமேட்டுகளும் உண்டு. அந்தப் பணம் நேர்மையாகப் பிரீமியம் கட்டுவோரின் பணம். அதைக் காப்பதும் நம் கடமை. விசாரணை நடக்கும்போது சந்தேகத்தின் விவரங்களை வெளியிடத் தேவையில்லை. ஆனால் கோப்புக்குள் அது எழுதப்பட வேண்டும்: எந்தப் புகைப்படம் எந்தத் தேதியோடு முரண்படுகிறது, மோதிய உயரமும் சேதத்தின் உயரமும் ஏன் பொருந்தவில்லை? இப்படி எழுத முடியாத சந்தேகம் பெரும்பாலும் ஆளைப் பற்றிய முன்முடிவு. அந்த முன்முடிவு ஏழையையும், கூச்சத்தோடு பேசுபவரையும், வேறு மொழிக்காரரையும்தான் முதலில் பிடிக்கும். எழுதும் கட்டாயம் உண்மையான மோசடியை வலுவாகப் பிடிக்க உதவுகிறது, பொய்யான சந்தேகத்தை உதிர வைக்கிறது.

பேரிடரில் இதற்கெல்லாம் நேரமேது என்பது நான்காவது, நான்கிலும் கனமானது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களில் மரங்களைச் சாய்த்தது. 2018 ஆகஸ்டில் கேரளத்தின் பெரும்பகுதியில் வெள்ளம் வந்தது. அப்போது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பொறுப்பு அதிகாரிகளை நியமிக்கவும், நடைமுறையை எளிதாக்கி விரைவாகத் தீர்க்கவும் நிறுவனங்களுக்குச் சொன்னது. இத்தகைய நாட்களில் ஒவ்வொரு கோப்பிலும் நீண்ட ஆய்வு சாத்தியமில்லை, தேவையுமில்லை. சர்வேயர் கட்டாயமில்லாத சிறு தொகைகளைப் படங்களை வைத்தே முடிக்கலாம். பெரிய இழப்புகளில் மறுக்க முடியாத பகுதிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மீதியை ஆராயலாம். எந்த வகைக்கு எந்தச் சான்று போதும் என்ற தீர்மானத்தை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி மேலிடத்தின் ஒப்புதலையும் வாங்கி வைத்தால், அந்தத் தீர்மானமே நூற்றுக்கணக்கான கோப்புகளுக்குக் காரணமாக நிற்கும். மறுப்பு மட்டும் இந்தக் குறுக்குவழியில் போகக் கூடாது. தண்ணீரில் மூழ்கிய கார் எஞ்சின் பூட்டிக்கொண்டால், தண்ணீர் புகுந்ததே காரணமா, நின்ற தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்ததா என்று தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். வீடு, வண்டி, கடை மூன்றையும் ஒரே இரவில் இழந்தவரிடம் அச்சடித்த மறுப்பை நீட்டுவது எந்தக் கால நெருக்கடியாலும் நியாயமாகாது.

எந்தக் கிளைமும் தனியொருவரின் விருப்பத்தால் மறுக்கப்படாமல், மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலோடுதான் மறுக்கப்பட வேண்டும். அந்த மறுஆய்வுக் குழுவுக்கு முன் போகும் தாளில் மூன்று உறுப்புகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பதிலிருந்து நீங்கள் தொடங்கலாம். பிறகு குறைப்புகளுக்கும், அதன் பிறகு காத்திருக்கச் சொல்லும் கடிதங்களுக்கும் அதை விரிவாக்குங்கள். காப்பீட்டை வாங்கியவர் பல ஆண்டுகளாகப் பணம் கட்டி ஒரு வாக்குறுதியை வாங்கியிருக்கிறார். அதை நிறைவேற்றும்போதும், நிறைவேற்ற முடியாது என்று சொல்லும்போதும், ஏன் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமையை ஒவ்வொரு கோப்பிலும் மதிக்கும் குழுவை உருவாக்கிக் காப்பதற்காகத்தான் தலைவர் அந்த நாற்காலியில் இருக்கிறார்.